ஒன்பதாம் எண், முன்பணம் இல்லை

மொத்தம் ஆறு பாகம்.
மலைநாட்டு ராஜ்ஜியம், சாம்பல் நிற யாளிகள்,
ஒவ்வொன்றும் தலையணை கனம்.
முதல் இரண்டை லாட்ஜில் தங்கிய யாரோ
கட்டிலடியில் விட்டுப்போனார்கள்.
மீதி நான்கையும் காட்பாடியில்
பழைய புத்தகக்காரரிடம் பாதி விலைக்கு வாங்கினேன்.

எனக்கு இரவுப் பணி.
பத்து மணிக்கு மேல் யாரும் வரமாட்டார்கள்.
வந்தால், ஹவுரா வண்டி தாமதம் என்று அர்த்தம்.

இளவரசனைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
அவனுக்கு வாள் இருக்கிறது, வம்சம் இருக்கிறது,
அட்டையில் படம்கூட இருக்கிறது.
என் கவலையெல்லாம் இரண்டாம் பாகம்,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

மழை. கோட்டைவாசல்.
முத்திரை மெழுகு ஆறுவதற்குள்
குதிரைக்காரன் கையில் ஓலையைத் திணிக்கிறாள் ராணி.
“விடிவதற்குள் சேர்த்துவிடு.”
பெயர் மாசிலன். இடது காதில் தழும்பு.
குதிரைக்கு ஒரு துண்டு வெல்லம் ஊட்டிவிட்டு
ஏறிப் போகிறான்.
அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இரண்டாயிரம் பக்கம்.
ராணி செத்து, அவள் மகள் முடிசூடியும் ஆயிற்று.
ஓலை என்னவாயிற்றென்று யாரும் கேட்கவில்லை.
ராணியே கேட்கவில்லை.

அப்புறம் எதற்குத் தழும்பு?
எதற்கு வெல்லம்?
ஒருவன் காதில் தழும்பை வைத்தால்
அது வந்த விதத்தைச் சொல்கிற கடன்
உண்டா இல்லையா?

மூன்றாம் பாகத்தில் ஒரு படகுக்காரி.
“ஒன்று சொல்லவேண்டும்” என்று வாயெடுக்கிறாள்,
அத்தியாயம் முடிகிறது. அடுத்ததில் போர்.
அவளை நானே கூட்டிவந்து
பாலாற்றுப் பாலத்தடியில் உட்காரவைத்திருக்கிறேன்.
மணலில் படகு, பக்கத்தில் லாரித் தடம்.
தண்ணீர் வரும்போது சொல்லட்டும், அவசரமில்லை.

எழுதியவருக்கே கடிதம் போட்டேன்,
பதில் அட்டையும் வைத்து.
நாற்பதாம் நாள் வந்தது. முத்து முத்தான கையெழுத்து.
“எந்தக் குதிரைக்காரன்?”

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
அன்றிரவு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
பெயர்: மாசிலன்.
எங்கிருந்து: இரண்டாம் பாகம்.
உடன் வருபவர்: குதிரை ஒன்று.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
எல்லோரும் எழுதுவது சிகிச்சை.
நானும் அதையே எழுதி, பக்கத்தில் ‘காது’ என்றேன்.
காலி செய்யும் தேதியை விட்டுவிட்டேன்.

காலையில் முதலாளி சம்பங்கி நாயுடு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“ஒம்போதுல யார்யா இவன்? அட்வான்ஸ் வாங்கல?”
“நைட்டு வந்தாருங்க. விடியறதுக்குள்ள போவணும்னாரு.”
“போய்ட்டானா?”
“தெரில.”
“இதுவும் அந்தப் பதினாலாம் நம்பர் கதையா ஆயிடப்போவுது.”
குதிரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பதினாலு: துலால் மண்டல், மால்டா.
மார்ச்சில் வந்தவர்.
ஸ்கேன் ரிசல்ட் வாங்கிவருவதாகச் சைகை காட்டி
சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு இறங்கினார்.
ஆஸ்பத்திரி ரோட்டில் ஆட்டோக்களுக்கு நடுவே நின்று
திரும்பிக் கையாட்டினார்.
இதற்குப் போய் யாராவது கையாட்டுவார்களா?

அவர் பை என் நாற்காலிக்கடியில் இருக்கிறது.
சிவப்பு ரெக்சின், அறுந்த ஜிப்புக்கு நூல் கட்டு.
அவர் எழுதித் தந்த எண்ணில் ஒரு பெண் எடுக்கிறாள்,
வங்காளத்தில் என்னவோ கேட்கிறாள்.
எனக்குத் தெரிந்த வங்காளம்
வெந்நீர், வாடகை, லிஃப்ட் வேலை செய்யாது.
இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுகிறோம்.
அவள்தான் முதலில் வைப்பாள்.

கட்டை இதுவரை அவிழ்க்கவில்லை.
ஆறாம் பாகத்தையும் இன்னும் முடிக்கவில்லை,
முப்பது பக்கம் பாக்கி.
அந்த முப்பதில் மாசிலன் வரமாட்டான்,
தெரியும்.

நேத்து மார்க்கெட் பக்கம் போனபோது
கால் கிலோ வெல்லம் வாங்கி
மேசை இழுப்பறையில் வைத்தேன்.
எறும்பு வந்துவிட்டது.